"சொன்னா கம்ப்யூட்டரைப் பிடுங்கிடுவாங்க!"

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் முதலிடம் "எந்த ஆன்டி வைரஸ் போடலாம்?" என்பதற்கு. இரண்டாமிடம், "பிள்ளைங்க கண்ட கண்ட சைட்டுக்குப் போகாம இருக்க ஏதாவது செஞ்சு கொடுங்க தம்பி" என்பதற்கு. சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பதால் சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாருக்கும் நான்தான் கம்ப்யூட்டர் டாக்டர். இரண்டாவது கேள்வி வந்தால் எனக்கு உற்சாகம்தான். அரை மணி நேர வேலை. முடித்துவிட்டு, கொடுத்த காபியைக் குடித்து, "இனிமே கவலையில்லை சார்" என்று சொல்லிவிட்டு வருவேன்.

அப்படிச் சொன்னது தவறு என்று எனக்குப் புரிய வைத்தவன், 8ஆம் வகுப்பு படிக்கும் ஒரு பையன்.

அந்தக் குடும்பத்தின் ஊரையும் பெயரையும் சொல்லப் போவதில்லை. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். கம்ப்யூட்டர் வந்த வாரமே நான் போய் எல்லாம் செய்து கொடுத்தேன். பையனுக்குத் தனி யூசர் அக்கவுன்ட். அப்பாவின் பாஸ்வேர்டு இல்லாமல் எந்த சாப்ட்வேரையும் இன்ஸ்டால் செய்ய முடியாது. கூகுளில் சேப்சர்ச் ஆன். ஆபாச வெப்சைட்டுகளைத் தடுக்கும் செட்டிங். இரவு 9 மணிக்கு மேல் அவன் அக்கவுன்ட் தானாகவே பூட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டர் இருந்ததும் ஹாலில்தான். புத்தகத்தில் சொல்லியிருப்பது எல்லாம் செய்தாகிவிட்டது.

நான்கு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அவனிடமிருந்து போன். "அண்ணா, ஒரு டவுட். ஒருத்தர் நம்ம போட்டோவை வச்சிருந்தா, அவர் கம்ப்யூட்டர்ல போய் அதை அழிக்க முடியுமா?"

பள்ளிக்கூடப் பிராஜெக்ட்டுக்குக் கேட்கும் குரலாக அது இல்லை. மெதுவாகக் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். கேம் ஆடும்போது ஒரு 'நண்பன்' கிடைத்திருக்கிறான். பத்தாவது படிப்பதாகச் சொன்னானாம். இரண்டு வாரம் சேர்ந்து ஆடியிருக்கிறார்கள். கேமில் செலவழிக்கும் காயின்களை இவனுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறான். பிறகு, "இங்க வேண்டாம், வேற ஆப்ல பேசலாம்" என்று கூப்பிட்டிருக்கிறான். அம்மாவின் பழைய போனில் அந்த ஆப் ஏறியது. அடுத்து ஒரு போட்டோ கேட்டான். இவன் அனுப்பினான். அதோடு நட்பு முடிந்தது. "இன்னும் அனுப்பு. இல்லேன்னா உங்க அப்பாவுக்கும் ஸ்கூல் குரூப்புக்கும் இதை அனுப்பிடுவேன்" என்ற மிரட்டல் ஆரம்பித்தது.

"ஏன்டா அம்மாகிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா கம்ப்யூட்டரைப் பிடுங்கிடுவாங்க அண்ணா. அப்பா அடிப்பாரு."

11 நாட்கள் அந்தப் பையன் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறான். ஹாலில் அதே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்திருக்கிறான். நான் போட்டுக் கொடுத்த பில்டரில் எந்தப் பழுதும் இல்லை. அது சரியாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதே அதைத்தான்.

பில்டர் எதைத் தடுக்கும்?

பில்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிச்சயம் போடுங்கள். ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

நீங்கள் ஒரு வெப்சைட்டின் பெயரை டைப் செய்ததும், அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரி என்ன என்று உங்கள் கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரிடம் கேட்கும். அதுதான் டிஎன்எஸ் சர்வர். நெட்வொர்க் செட்டிங்கில் டிஎன்எஸ் என்ற இடத்தில் கிளவுட்பிளேர் நிறுவனத்தின் 1.1.1.3, 1.0.0.3 என்ற எண்களைக் கொடுத்தால், ஆபாசத் தளம் என்று அதன் பட்டியலில் இருக்கும் பெயர்களுக்கு முகவரி கிடைக்காது. பக்கம் திறக்காது. இதற்குக் காசு கிடையாது. வீட்டு ரவுட்டரில் இந்த எண்களைக் கொடுத்துவிட்டால் வைபையில் சேரும் எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும். விண்டோசில் பிள்ளைக்குத் தனி அக்கவுன்ட், மைக்ரோசாப்ட் பேமிலி சேப்டி, ஆண்ட்ராய்டு போனுக்கு கூகுளின் பேமிலி லிங்க் என்று இன்னும் சில வசதிகளும் இருக்கின்றன. எல்லாம் நல்லவையே.

ஆனால் கவனியுங்கள். டிஎன்எஸ் பில்டர் தடுப்பது வெப்சைட்டை. மனிதனை அல்ல. பையன் ஆடிய கேம் கெட்ட தளங்களின் பட்டியலில் இல்லை. இருக்கவும் முடியாது. அதில் வரும் சாட் செய்தியை இந்த பில்டர் படிப்பதும் இல்லை. போனில் வைபையை அணைத்து மொபைல் டேட்டாவை ஆன் செய்துவிட்டால், ரவுட்டரில் போட்ட தடை எதுவும் அங்கே இல்லை.

பிள்ளை தவறான இடத்திற்குப் போனால்தானே ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். 2013ல் நெதர்லாந்தில் நடந்த ஒரு சோதனை இந்த நினைப்பைப் பொய்யாக்கியது. 'டெர் டெ சோம்' என்ற குழந்தைகள் நல அமைப்பு, 'ஸ்வீட்டி' என்ற பெயரில் 10 வயது பிலிப்பைன்ஸ் சிறுமியைக் கம்ப்யூட்டர் கிராபிக்சில் உருவாக்கியது. அப்படி ஒரு குழந்தை உலகத்தில் இல்லை. அந்தப் பொம்மையின் பெயரில் ஆய்வாளர்கள் சாட் ரூம்களில் காத்திருந்தார்கள். 10 வாரத்தில் 20,000க்கும் மேற்பட்டவர்கள் அவளைத் தேடி வந்தார்கள். அவர்களில் 71 நாடுகளைச் சேர்ந்த 1,000 பேரை அடையாளம் கண்டு, விவரங்களை இன்டர்போலிடம் கொடுத்தார்கள். ஸ்வீட்டி எந்தக் கெட்ட சைட்டையும் தேடிப் போகவில்லை. ஒரு குழந்தை அங்கே இருக்கிறது என்று தெரிந்ததே போதுமானதாக இருந்தது.

பயத்தால் லாபம் யாருக்கு?

"பயம் இருந்தால்தான் பிள்ளை ஒழுங்காக வளரும்" என்பது நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்வது. எனக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள். இந்த விஷயத்தில் மட்டும் நான் அதை ஏற்க மாட்டேன்.

மிரட்டுகிறவனின் கையில் இருப்பது போட்டோ மட்டும் இல்லை. "உங்க அப்பாவுக்கு அனுப்பிடுவேன்" என்ற வார்த்தையும் இருக்கிறது. அந்த வார்த்தைக்கு ஏன் அவ்வளவு பலம்? மிரட்டுகிறவனைவிட அப்பாவை அதிகமாகப் பயப்படுகிற பிள்ளையிடம்தான் அது பலிக்கும். "அனுப்பிக்கோ, எங்க அப்பாவுக்கு ஏற்கெனவே தெரியும்" என்று சொல்லக்கூடிய பிள்ளையிடம் அவனது பெரிய ஆயுதமே உடைந்துபோகிறது. நாம் வீட்டில் வளர்த்த பயத்தை முகம் தெரியாத ஒருவன் எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறான். வேதனையான உண்மை இது.

இது இன்டர்நெட்டோடு நிற்கும் விஷயமும் இல்லை. மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியிருந்தார்கள். அவர்களில் 53.22 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் 52.94 சதவீதம் பேர் ஆண் பிள்ளைகள். "எனக்கு ஆம்பளப் பிள்ளைதான், கவலையில்லை" என்பவர்கள் இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை என்பதும் அந்த அறிக்கையில் இருக்கிறது. செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். தெரிந்தவர் என்றால் மாமா, டியூஷன் வாத்தியார், வேன் டிரைவர் என்று யாராகவும் இருக்கலாம். அவர்களும் இன்று முதலில் போனில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

என்னென்ன கவனிக்க வேண்டும்?

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலே ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வளரும் வயதில் இவற்றில் சில எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான். திடீரென்று மாறியிருந்தால், ஒன்றுக்கு மேல் சேர்ந்து வந்தால், பக்கத்தில் போய் உட்காருங்கள்.

1. நீங்கள் வந்ததும் ஸ்கிரீனை மாற்றுவது, போனைக் கவிழ்த்து வைப்பது. மெசேஜ் சத்தம் கேட்டால் முகம் வெளிறுவது.

2. நீங்கள் வாங்கித் தராத பொருள், கேம் காயின், ரீசார்ஜ். "பிரெண்ட் கொடுத்தான்" என்ற பதில். எந்த பிரெண்ட் என்றால் பேச்சை மாற்றுவது.

3. உங்களுக்குத் தெரியாத இரண்டாவது அக்கவுன்ட். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு சாட்டிங்.

4. வயதுக்கு மீறிய பாலியல் வார்த்தைகளோ கேள்விகளோ புதிதாக வருவது.

5. தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, படுக்கையில் மறுபடி சிறுநீர் போவது, காரணம் இல்லாத வயிற்றுவலி, பள்ளிக்கூடம் போக மறுப்பது.

6. ஒரு குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ கண்டால் ஒதுங்குவது. நேற்று வரை பிடித்த மாமா வீட்டுக்கு இன்று வர மாட்டேன் என்றால், "மரியாதை தெரியாதவன்" என்று திட்டுவதற்கு முன் ஏன் என்று கேளுங்கள்.

7. பிள்ளை கேட்கும் சுற்றுவழிக் கேள்வி. "என் பிரெண்டுக்கு இப்படி ஆச்சு", "போட்டோவை அழிக்க முடியுமா?" இது கதவைத் தட்டிப் பார்ப்பது. உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.

பிள்ளை சொல்லிவிட்டால்?

அந்தப் பையன் என்னிடம் கடைசியில், "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணா" என்றான். அந்த வாக்கை நான் தரவில்லை. தரவும் கூடாது. "அதை மட்டும் என்னால செய்ய முடியாதுடா. ஆனா அப்பாகிட்ட சொல்லும்போது நான் பக்கத்துலயே இருப்பேன்" என்றேன். அடுத்த பஸ்ஸில் கிளம்பினேன்.

முதலில் சொல்ல வேண்டியது, "நீ சொன்னது ரொம்ப நல்லது. தப்பு உன்மேல இல்லை." கோபம் வரும். எந்த அப்பாவுக்கும் வரும். அதைப் பிள்ளைமேல் காட்டாதீர்கள். "ஏன் அனுப்பின?" என்ற கேள்வியை அன்றைக்குக் கேட்கவே வேண்டாம்.

மிரட்டுபவனுக்குப் பணமோ இன்னொரு போட்டோவோ கொடுக்காதீர்கள். கொடுத்தால் மிரட்டல் நிற்காது, கூடும். பிள்ளையின் அக்கவுன்டிலிருந்து அவனைத் திட்டிச் சண்டை போடவும் வேண்டாம்.

பதற்றத்தில் எல்லாவற்றையும் டெலிட் செய்துவிடாதீர்கள். அவனுடைய யூசர் பெயர், புரொபைல் முகவரி, மிரட்டிய செய்திகள், தேதி, நேரம், பணம் அனுப்பியிருந்தால் அதன் விவரம் எல்லாம் போலீசுக்கு வேண்டும். அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகு பிளாக் செய்யுங்கள். ஆனால் பிள்ளையின் அந்தரங்கப் படத்தை மட்டும் நகல் எடுக்காதீர்கள். உறவினர் உட்பட யாருக்கும் பார்வர்டு செய்யாதீர்கள். சென்னையில் பதிவான ஒரு வழக்கில் 23 செப்டம்பர் 2024 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குழந்தைகளின் அப்படிப்பட்ட படங்களைப் பிறருக்கு அனுப்புவது மட்டுமல்ல, புகார் செய்யாமல் கையில் வைத்திருப்பதும் போக்சோ சட்டத்தில் குற்றமாகலாம் என்பது அதன் சாரம். படம் இருக்கும் கருவியை அப்படியே அதிகாரிகளிடம் காட்டுங்கள்.

1098 குழந்தைகளுக்கான உதவி எண். எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம். பிள்ளையே நேரடியாகக் கூப்பிடலாம். உடனடி ஆபத்து என்றால் 112. பணம் போயிருந்தால் 1930. மத்திய உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர் கிரைம் புகார் தளத்தில், பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

போட்டோ பரவிவிடுமோ என்ற பயத்திற்கும் ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் காணாமல்போன குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தும் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை, 18 வயதுக்குள் எடுக்கப்பட்ட படங்களுக்கானது. அங்கே போட்டோவை அப்லோட் செய்ய வேண்டியதில்லை. உங்கள் கருவியிலேயே அந்தப் படத்திலிருந்து ஒரு நீண்ட எண் கணக்கிடப்படும். நம் கைரேகை மாதிரி. அந்த எண் மட்டும் அவர்களுக்குப் போகும். எண்ணை வைத்துப் படத்தைத் திரும்ப உருவாக்க முடியாது. இந்தச் சேவையில் சேர்ந்திருக்கும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் அதே படம் ஏறினால், அந்த எண்ணை வைத்துக் கண்டுபிடித்து நீக்குவார்கள். பையன் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் கொடுக்க முடிந்த நேர்மையான பதில் இதுதான். அடுத்தவன் கம்ப்யூட்டருக்குள் புகுந்து அழிக்க முடியாது. பரவாமல் ஓரளவு தடுக்க முடியும்.

"போலீசுக்குப் போனால் பிள்ளை பெயர் கெட்டுவிடும்" என்று தயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். வாங்கும் போலீஸ் அதிகாரி யூனிபாரத்தில் இருக்கக் கூடாது. குழந்தையின் பெயர், போட்டோ, பள்ளி எதையும் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதுதான் சட்டப்படி குற்றம்.

ஒரு வாக்குறுதி

"அப்படியானால் பிள்ளைக்குத் தண்டனையே கிடையாதா?" என்று அந்த அப்பா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டுப்பாடம் செய்யாமல் கேம் ஆடினால் கம்ப்யூட்டர் நேரத்தைக் குறையுங்கள். பொய் சொன்னால் கண்டியுங்கள். ஆனால் வந்து சொன்னதற்காகத் தண்டிக்காதீர்கள். ஒரு தடவை அப்படித் தண்டித்துவிட்டால், அடுத்த தடவை பிள்ளை சொல்லாது.

பிள்ளைக்குத் தெரியாமல் அதன் சாட்டைப் படிக்கும் சாப்ட்வேர் போட்டுத் தரச் சொல்லியும் சிலர் கேட்கிறார்கள். நான் போட்டுத் தருவதில்லை. எந்தக் கட்டுப்பாட்டையும் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, ஏன் என்று காரணமும் சொல்லிவிட்டுப் போடுங்கள். ஒளிந்து பார்ப்பதைப் பிள்ளை ஒருநாள் கண்டுபிடிக்கும். பிறகு நண்பன் போனில் இன்னொரு அக்கவுன்ட் திறக்கும். உங்களுக்கு எதுவும் தெரியாமல் போகும்.

அன்றைக்கு அந்த வீட்டில் அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு எழுந்து போய்ப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார். அதுவரை அழாத பையன் அப்போதுதான் அழுதான். அன்றிரவே 1098க்குப் போன் செய்து, மறுநாள் புகார் கொடுத்தோம். கம்ப்யூட்டர் இன்னும் அதே ஹாலில்தான் இருக்கிறது. கேமில் சாட் வசதியைப் பள்ளி நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றியிருக்கிறோம். மாற்றியது பையனே. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

இப்போதெல்லாம் யாராவது பில்டர் போடக் கூப்பிட்டால் போகிறேன். ஆனால் "இனிமே கவலையில்லை" என்று சொல்வதில்லை. வேலை முடிந்ததும் பிள்ளையையும் கூப்பிட்டு உட்கார வைத்து, அதன் முன்னால் பெற்றோர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். "இதுல யார் என்ன கேட்டாலும், நீயே தப்புப் பண்ணியிருந்தாலும், எங்ககிட்ட வந்து சொல்லு. சொன்னதுக்காக அடிக்க மாட்டோம், கம்ப்யூட்டரைப் பிடுங்க மாட்டோம்." புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் நீங்களும் இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொல்லிவிடுங்கள். பில்டரை நாளைக்குக்கூடப் போட்டுக்கொள்ளலாம்.